ராடு மாற்றிய இடம்

காலையில் அத்தான் டீயை வாயில் வைக்காமலே சொன்னார்: "இன்னிக்கு லீவு போட்டுடு. உடம்பு சரியில்லைன்னு நான் சொல்லிக்கிறேன்."

அக்கா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "யாருக்கு உடம்பு சரியில்லை? அவளுக்கா, உங்களுக்கா?"

"அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். நாலு பேர் முன்னாடி உடைஞ்சா, அப்புறம் அதே பட்டறையில எப்படி நிப்பா?"

"உடைஞ்சா இரும்புதானே உடையும்," என்றாள் அக்கா. "டீ ஆறுது, குடிங்க."

லீவு போட்டுவிடலாமா என்று அவருக்கு முன்பே நான் யோசித்துவிட்டிருந்தேன்.

அத்தானுக்கும் எனக்கும் ஒரே பட்டறை. எண்ணெய்த் தொட்டிகள் செய்யும் இடம். அவர் அங்கே வெல்டர். நான் கிரைண்டர் பிடிப்பவள். வெல்டர்கள் தகடுகளை ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஒட்டை உரசிச் சமமாக்குவது என் வேலை. எவ்வளவு குளித்தாலும் காது மடிப்பில் இரும்புத் தூசி தங்கிவிடும் என்பதால் பட்டறையில் என்னைத் தூசி என்றே கூப்பிடுவார்கள். பெயரில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தூசி பறக்கும் பக்கத்திலேயே நின்றுவிடுவோமோ என்று பயம். அதனால்தான் மாலை வகுப்பில் வெல்டிங் படிக்கச் சேர்ந்தேன்.

புதிதாகத் தொட்டி கேட்டவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். வெல்டிங் செய்யும் ஒவ்வொருவரும் அவர்களுடைய இன்ஸ்பெக்டர் முன்னால் தகடு ஒட்டிக் காட்ட வேண்டும். பழைய ஆட்களுக்கும் விலக்கு இல்லை. அந்தச் செய்தி வந்ததிலிருந்து அத்தான் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஃபோர்மேன் என் பெயரையும் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மூணாம் நம்பர் வெல்டிங் பூத் காலியா இருக்கு. பாஸ் பண்ணினா உள்ள போ. இல்லைன்னா வெளியிலிருந்து ஆள் எடுப்பேன். அப்புறம் இந்தப் பேச்சே எங்கிட்ட எடுக்கக் கூடாது. கிரைண்டர் உனக்கு, நீ கிரைண்டருக்கு."

தேர்வு சொல்வதற்கு எளிது. இரண்டு தகடுகளை ஒட்ட வேண்டும். ஆறியபின் ஒட்டுக்குக் குறுக்காகத் துண்டு துண்டாக அறுப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் அழுத்தும் இயந்திரத்தில் வைத்துக் கொண்டை ஊசி போல வளைப்பார்கள். நல்ல ஒட்டு வளையும். கெட்ட ஒட்டு வாயைப் பிளக்கும்.

வகுப்பில் நான் ஒட்டியவை வாயைப் பிளந்தன. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வகுப்பு ஆசிரியர்கூட "அழகா இருக்கே" என்று சொல்லிக்கொண்டேதான் வளைக்கத் தொடங்குவார். பாதியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அவர் அடுத்தவருடைய தகட்டைக் கையில் எடுத்துவிடுவார்.

"கைவாகுன்னு ஒண்ணு இருக்கு," என்பார் அத்தான். "அது பிறக்கும்போதே வரணும். கடையில விக்காது."

உடைந்த துண்டுகளை வகுப்பு மூலையில் இருக்கும் டிரம்மில் போட வேண்டும். எல்லோரும் போட்டார்கள். நான் மட்டும், யாராவது எடுத்துப் பார்த்து இது அவளுடையது என்று சொல்லிவிடுவார்களோ என்று, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். உடையாத துண்டுகளையும் சேர்த்துத்தான். ஒரு தகட்டை அரைகுறையாக விட்டு வர எனக்கு மனம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் விளக்குமாறு அதில் போய் முட்டியது.

"ஏண்டி, கட்டிலுக்கு அடியில பழைய இரும்புக் கடை நடத்துறியா?"

எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டாள். ஒளித்து வைத்தது வெளியே வந்துவிட்டது. ஒழுங்காகவாவது இருக்கட்டும் என்று ஒவ்வொரு தகட்டின் துண்டுகளையும் அறுத்த வரிசைப்படி தரையில் அடுக்கினேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு வெல்டிங்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அத்தானின் சட்டையில் விழும் ஓட்டைகள் மட்டும்தான்.

"ஒவ்வொரு வரிசையிலயும் நடுத்துண்டுதான் உடைஞ்சிருக்கு. நடுவுல என்னடி பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. ராடு மாத்துவேன்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

ராடு என்பது உருகி ஒட்டாக மாறும் கம்பி. மெழுகுவத்தி போல எரிந்து தீரும். பாதித் தகட்டில் தீர்ந்துபோனால் புதியது மாட்டித் தொடர வேண்டும். அத்தான் ராடு மாற்றிய இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பட்டறையில் அவர் பெருமையே அதுதான். நானும் அதைத்தான் செய்ய நினைத்திருக்கிறேன். நின்றது தெரியக் கூடாது என்று, புது ராடை மாட்டிய வேகத்தில் அதே இடத்தில் தீ மூட்டி மூடிவிடுவேன். மேலே மூடிக்கொள்ளும். அடியில் பழைய ஒட்டின் முனை உருகாமல் அப்படியே கிடக்கும்.

அதன்பிறகு வகுப்பில் ராடு தீராதபோதும் நடுவில் நிறுத்தினேன். நிறுத்திய முனையைச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவின் மேலே ஏறி, மறுபடி இறங்கிப் போகப் பழகினேன். அத்தானிடம் ஒருமுறை சொன்னேன். "நின்னு நின்னு பண்றதுக்குப் பேர் வெல்டிங் இல்ல. கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போடுறது," என்றார். சில துண்டுகள் தாங்கின, சில தாங்கவில்லை. கடைசி வகுப்பிலும் ஒன்று தாங்கியது, ஒன்று உடைந்தது. அந்த நிலையில்தான் இன்று போனேன்.

இன்ஸ்பெக்டர் அக்கா வயதுப் பெண். காதில் ஒரு சாக்பீஸைச் செருகியிருந்தார். தகடுகளின் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்க நிறுத்தணும். கையை எடுத்துட்டு மறுபடி தொடங்கணும். எல்லாரும்தான்."

"நிறுத்தாமப் போறவங்க?" என்று கேட்டார் அத்தான்.

"நிறுத்தாம யாரும் போறதில்லை சார். ராடு தீருமே."

ஃபோர்மேன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நடுவுல கிரைண்டர் தொடணும்னா கையைத் தூக்குங்க. நான் வந்து பார்த்த பிறகுதான் தொடணும். மணி அடிச்சா அப்படியே விட்டுடணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"தூசி, நீ முதல்ல போ," என்றார் ஃபோர்மேன். "கடைசி வரைக்கும் நின்னா பயத்துலயே கரைஞ்சிடுவ."

பூத்துக்குள் போய் முகமூடியை இறக்கினேன். ராடு முனைக்குக் கீழே சாவித் துவாரம் போல ஒரு சின்ன ஓட்டை கூடவே நகர்ந்து வரும். அது அளவு மாறாமல் வந்தால் அடிவரை உருகுகிறது என்று அர்த்தம். அதைத் தவிர வேறெதையும் பார்க்காமல் போனேன். கோடு வந்தது. நிறுத்தினேன். முகமூடியைத் தூக்கிவிட்டு, ஒட்டின்மேல் படிந்த கசடைத் தட்டிப் பார்த்தேன்.

முனையில் ஒரு கறுத்த குழி இருந்தது.

ஆழமா, வெறும் கறையா என்று தெரியவில்லை. பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மேலே போயிருக்கலாம். மூடியிருக்கும். வளைக்கும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. திரும்பினேன். திரைச்சீலை விலகியிருந்த இடத்தில் அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன யோசிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். தேர்வில் கையைத் தூக்குவது என்றால், எனக்குத் தப்பாகிவிட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்வது.

கையைத் தூக்கினேன்.

"அதுக்குள்ள கிரைண்டரா?" என்றார் ஃபோர்மேன் வெளியிலிருந்து. "பழக்க தோஷம்." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "எதுக்கு?"

"அடியில உருகலைன்னு தோணுது மேடம்."

"தோணுதா, தெரியுதா?"

"தெரியல. அதான் திறந்து பார்க்கிறேன்."

"உங்க நேரம்தான் போகுது," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

கிரைண்டரில் மெல்லிய கல்லை மாட்டித் தேய்த்தேன். தினமும் செய்யும் வேலை. அதில்கூட இன்று கை அதிகமாக இறங்கிவிட்டது. கறுப்புப் போய் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஒருமுறை இழுத்தேன். கல் அந்தப் பக்கம் போய்விட்டது. ஒட்டில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக மேசையின் துரு தெரிந்தது.

திரைக்கு வெளியே அத்தான் 'ச்சு' என்றது கேட்டது.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ராடை அந்த ஓட்டையில் அப்படியே வைத்தால் உருகிய இரும்பெல்லாம் கீழே ஊற்றிவிடும். ஓட்டை இன்னும் பெரிதாகும். கரண்டைக் குறைத்தேன். இடது கரையில் ஒரு சொட்டு வைத்தேன். சிவப்பு மங்கும்வரை காத்திருந்தேன். வலது கரையில் ஒரு சொட்டு. மறுபடி காத்திருந்தேன். ஒட்டுவதைவிடக் காத்திருப்பதற்குத்தான் நேரம் போயிற்று. ஒவ்வொரு தடவை சிவப்பு மங்கும்போதும் மணி அடிக்கப்போகிறது என்று காது விறைத்துக்கொண்டது. இரண்டு கரைகளும் நெருங்கி வந்து, கடைசியில் தொட்டுக்கொண்டன.

மிச்சத் தூரத்தை அவசரமாக ஒட்டிக்கொண்டே போனேன். நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் கடைசி முனையை முடித்தேன். அதன்மேல் நிரப்ப வேண்டிய ஒட்டு வரிகளை நிரப்பி, மேல் வரியைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

தகடு ஆறியதும் அறுத்தார்கள். இன்ஸ்பெக்டர் முதலில் எடுத்தது நடுத்துண்டை. ஃபோர்மேன் இயந்திரத்தின் கைப்பிடியை அழுத்தத் தொடங்கினார். துண்டு மெதுவாக முதுகு வளைந்தது. மேலிருந்த கருஞ்செதில் உதிர்ந்து தரையில் விழுந்தது. எனக்கு அந்த 'டக்' மட்டும்தான் நினைவில் இருந்தது. அது வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.

வரவில்லை.

"அட," என்றார் ஃபோர்மேன்.

கண்ணைத் திறந்தபோது நடுத்துண்டு கொண்டை ஊசி போல இருந்தது. இன்ஸ்பெக்டர் அதன் முதுகில் விரலை ஓட்டிவிட்டுக் கீழே வைத்தார். மற்றத் துண்டுகளும் உடையாமல் வளைந்தன. மிஞ்சியது, தகட்டின் கடைசி முனையில் அறுத்த துண்டு. அதைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்கவே இல்லை. அது பாதி வளைந்தபோது ஒட்டின் ஒரு கரையில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கோடு கொஞ்சம் அகன்றது. ஃபோர்மேன் கைப்பிடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"முழுசா வளைங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

முழுசாக வளைத்தார். இன்ஸ்பெக்டர் அளவுகோலை அந்த விரிசலின்மேல் வைத்தார். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி வைத்தார். மூன்றாம் நம்பர் பூத் எனக்கு நேர் எதிரே இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க, அவருடைய காதிலிருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு," என்றார். "பாஸ்."

ஃபோர்மேன் என் முதுகில் ஒன்று வைத்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் துண்டைக் கையில் வாங்கிய பிறகும் கண் அந்தக் கோட்டை விட்டு வரவில்லை.

"மேடம், இது எதனால வந்துச்சு?"

"பாஸ் ஆயிட்டீங்கம்மா. இன்னும் என்ன?"

"எனக்கு எப்பவும் நடுவுலதான் வரும். இந்த இடத்துல இதுவரைக்கும் வந்ததே இல்லை."

"ஆத்தைத் தாண்டி வந்துட்டு ஆழம் பார்க்கிறா பாருங்க," என்றார் ஃபோர்மேன்.

அத்தான் பின்னாலிருந்து வந்து துண்டை என் கையிலிருந்து வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ராடு ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு," என்றார். "கடைசியில காலை நகர்த்தாம கையை மட்டும் நீட்டியிருக்க. இந்தப் பக்கத் தகடு சூடேறவே இல்லை."

"துண்டைப் பார்த்தே எப்படிச் சொல்றீங்க அத்தான்?"

"எனக்கும் அங்கதான் சாயும்."

சொல்லிவிட்டு, வேறு யாரோ பேசியதைக் கேட்டவர்போல நிமிர்ந்தார். ஃபோர்மேன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"அடுத்தது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அத்தான் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையுறைகளை மாட்டிக்கொண்டு பூத்துக்குள் போனார். திரையை முழுதாக இழுக்கவில்லை. முகமூடியை இறக்கும் முன்பு, தீ மூட்டாமலே, தகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ராடைக் காற்றில் ஓட்டிப் பார்த்தார். கடைசிக்கு வரும் முன் நின்றார். வலது காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.