எட்டில் விழுந்த ஓட்டை

எனக்குத் தாளம் நிற்கவில்லையாம். ஆதிகேசவன் சொன்னான். ஒரு தடவை சொன்னால் தொலையட்டும் என்று விடலாம். ஒரு மாதமாக, ஒவ்வொரு ஒத்திகையிலும், அம்பரீனை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னான்.

நாங்கள் மூன்று பேர். அம்பரீன் பாட்டு எழுதிப் பாடுவாள். ஆதி டிரம் மெஷினும் கீபோர்டும் பார்த்துக்கொள்வான். நான் சுகாசினி, பறை அடிப்பேன். என்னிடம் ஒரு லூப்பர் உண்டு. காலால் மிதித்துவிட்டு அடித்தால் அந்த அடியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்துகிற வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெட்டி அது. அதற்கு மேலே நான் வேறு அடி அடிப்பேன். ஒற்றை ஆளாக நாலு பேர் சத்தம் காட்டலாம். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள், அதற்குத்தான் இத்தனை ஒத்திகையும்.

இரண்டு பெட்டியும் ஒரே வேகத்தில் ஓடவேண்டும் என்று ஆதி தன் டிரம் மெஷினிலிருந்து என் லூப்பருக்கு ஒரு ஒயர் இழுத்தான். பிடித்தது சனியன். ஏழு அடித்து முடித்ததும் ஒரு இடம் காலியாக விழும், பிறகுதான் மறுபடி முதல் அடி வரும். இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்த மாடிப்படி இல்லாமல் போனால் எப்படிப் பதறும், அப்படிப் பதறும் எனக்கு.

"ஒயரும் மாத்திப் பாத்துட்டேன். மெஷினு கரெக்டா இருக்குது. ஆளுதான் பிரச்சன. உனக்குத் தாளம் நிக்கலம்மா," என்றான்.

நானும் மடச்சி மாதிரி அதை நம்பினேன். முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, விரலால் எண்ணி எண்ணி அடித்தேன். லூப்பர் அப்படியே திருப்பிச் சொன்னது. ஓட்டை இல்லை, பிசிறு இல்லை. வீட்டில் அந்த ஒயர் இல்லை, ஓட்டையும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவன் மெஷின் நாலு நாலாக எண்ணுகிறது. என் அடி மூன்றும் நாலுமாக ஏழு. ஏழில் நான் முடித்தாலும், ஒயர் வழியாக வரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு லூப்பர் எட்டாவதுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. அவன் மெஷின் செய்த கோளாறுக்கு ஒரு மாதமாக என்னைத் திட்டியிருக்கிறான்.

அடுத்த ஒத்திகையில் நேராகவே சொன்னேன்.

"உன் மெஷின ஏழுக்கு மாத்து. ஒயர திருப்பிப் போடு. நான் அடிக்கிறத என் பெட்டி மொதல்ல புடிக்கட்டும், உன்னது அது பின்னால வரட்டும்."

இதற்கு அவன் மெஷினின் திரையில் இரண்டே வார்த்தை உண்டு. வேகத்தைச் சொல்கிற பெட்டி மாஸ்டர். அதற்குக் கீழே, கேட்டு ஓடுகிற பெட்டி ஸ்லேவ். ஸ்லேவ் என்றால் அடிமை என்று தெரியாதவர் யார்?

ஆதி அந்தத் திரையைக் காட்டிச் சிரித்தான். "எங்கப்பா மாஸ்டரு. என் மெஷினும் மாஸ்டரு. கீழ எழுதியிருக்குது பாரு, அது உங்க வூட்டுக்குத்தான் செட்டாவும்."

மற்ற ஊரில் மாஸ்டர் என்றால் டீ போடுகிறவர், துணி தைக்கிறவர். காஞ்சிபுரத்தில் மாஸ்டர் என்றால் பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்ய விடுகிறவர். ஆதியின் அப்பா மாஸ்டர். என் அப்பா அவருக்குக் கூலிக்கு நெய்கிறவர். தறிக்கு நூல் பாவு வாங்கப் போனால் வாசலோடு நிற்கிறவர். அந்தக் கூலி போய்விடும் என்றுதான் அன்றைக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தைவிட, பேசாமல் வந்த என் மேல் அதிகமாக வந்தது.

விழா நாள். மேடையில் எல்லாவற்றையும் பூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் இறங்கவில்லை, நாற்காலிகளில் ஆள் இல்லை. நான் லூப்பருக்கு ஒயர் தேடினேன். காணவில்லை.

"அது வேணாம் சுகா," என்றான் ஆதி. "போன வாரமே உன் அடிய ரெக்கார்டு பண்ணி, எட்டா இழுத்து என் மெஷின்ல ஏத்திட்டேன். நீ சும்மா பறைய மாட்டிக்கினு நில்லு. பாக்க நல்லா இருக்கும்."

பாக்க நல்லா இருக்குமாம். என்னைக் கேட்காமல் என் அடியை எடுத்து, அதற்கு வால் ஒட்டி, தன் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு, என்னைப் பொம்மையாக நிற்கச் சொல்கிறான். பறையைக் கழற்றி அவன் மூஞ்சியில் வீசலாமா என்று கை பரபரத்தது. அப்பா ஞாபகம் வந்தது. வந்தும் வாய் நிற்கவில்லை.

"மொதல்ல அத அழி," என்றேன். "என் அடிய நான்தான் அடிப்பேன். ஏழுலதான் அடிப்பேன். முடியாதுன்னா எறங்கிப் போறேன், நீ உன் எட்ட வெச்சிக்கினு கும்மி அடி."

"போயேன்," என்றான். "பாட்டு நிக்கப் போவுதா?"

"நிக்கும்," என்றாள் அம்பரீன். மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டாள். "அவ ஏழக் கேட்டுதான் இந்தப் பாட்ட எழுதனேன் ஆதி. உன் எட்டுல வார்த்த உக்காரவே இல்ல, ஒரு மாசமா இழுத்து இழுத்துப் பாடிக்கினு இருக்கேன். தப்பு என்னுதுன்னு நெனச்சேன். அவ எறங்கினா நானும் எறங்கறேன்."

ஆதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். காலி நாற்காலிகளைப் பார்த்தான். பிறகு பையைத் திறந்து ஒயரை எடுத்து நீட்டினான். நான் அதைத் திருப்பிச் சொருகினேன், என் பெட்டியிலிருந்து அவன் பெட்டிக்கு. அவன் என் அடியை அழித்தான். எண்ணிக்கையை ஏழாக்கினான். கடைசியாக அந்த இரண்டு வார்த்தைக்கு வந்தான். ஸ்லேவ் மேலே விரல் நின்றுவிட்டது.

"இதுக்கு வேற பேரு வெச்சிருக்கலாம்," என்றான், என்னைப் பார்க்காமல்.

"என்னச் சொல்லும்போது சிரிச்சிக்கினே சொன்ன இல்ல?" என்றேன். "அதே மாதிரி சிரிச்சிக்கினே அழுத்து."

அவன் சிரிக்கவில்லை. அழுத்தினான்.