பேபி மதினி வைத்த பஞ்சு

"இன்னுங் கொஞ்சம் பஞ்சு தாளா" என்று உள்ளே குரல் கேட்டதும் ஹென்றி கதவைத் தள்ளினான். கிளாடிஸைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏளா, ஆம்பள உள்ள வாராவ," என்றாள் ஒருத்தி.

அவன் மனைவி கல்யாணப் பட்டில் கிடந்தாள். மூன்று நாள் மூளைக்காய்ச்சலில் உயிர் போயிருந்தது. கையில் செபமாலை சுற்றியாகிவிட்டது. இடப்பக்க ரவிக்கைக்குள் அவளுடைய அக்கா பேபி பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத எடுங்க மதினி."

"வெளிய இருங்க தம்பி. ஒங்க கப்பல் ஆபீஸ்லருந்து எல்லாரும் வந்துருக்காவ. ரெண்டு பக்கமும் சமமா இருக்க வேண்டாமா?"

"மாதா தேருக்குப் பஞ்சில்லாமத்தான போனா?"

போனாள். எழுபத்தி மூன்றாம் வருடம் புற்றுநோய்க்கு அந்த மார்பை எடுத்து, மதுரையில் கரண்டு வைத்து முடித்த பிறகு, ஒரு வருடம் உள்ளே பஞ்சுப் பொதி தைத்துப் போட்டிருந்தாள். பரிசோதனைக்குப் போகும்போது பஸ்ஸில் வாயே திறக்கமாட்டாள். ஒருமுறை டாக்டர், ஒன்றுமில்லை, இனி ஆறு மாதத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்றார். திரும்பும் வழியில், எட்டயபுரம் வருவதற்கு முன்னால், பொதியை உருவி ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"பருத்திக் காடுதான. அதுபாட்டுக்கு வீடு போய்ச் சேரட்டும்," என்றாள். கண்டக்டர் முறைத்தார். அவரைப் பார்த்தும் சிரித்தாள்.

அதற்கப்புறம் பேபி எத்தனை முறை "சீலைய இழுத்து மூடுளா" என்று அதட்டியும் கேட்கவில்லை.

"அந்தச் சீக்குதான் கொண்டுபோச்சுன்னு வெளிய பேசுதாவ தம்பி. சப்பையா கெடந்தா இன்னும் பேசுவாவ."

"பேசட்டும். போன மாசம் செக்கப்புலயும் ஒண்ணுமில்ல. அவ கொணமானவ. கொணமானவளாவே போவட்டும்."

"செத்தவளுக்கு இனி என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

அவன் குரல் உயரவில்லை. இடத்தை விட்டு நகரவும் இல்லை. பேபி ரவிக்கை ஊக்கைக் கழற்றிப் பஞ்சைக் கொத்துக் கொத்தாக வெளியே எடுத்தாள். அக்குளிலிருந்து இறங்கிய தழும்பின் மேல் அவள் கை நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் தங்கச்சி அதை அவளுக்குக் காட்டியதில்லை, அவளும் கேட்டதில்லை.

"இம்புட்டு நீளமா," என்றாள்.

முற்றத்திலிருந்து சித்தப்பா ரோச் கூப்பிட்டார். "ஏலே ஹென்றி, சாமியார் வந்துட்டாரு. ஆச்சா?"

ஹென்றி வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றான்.

"இன்னுங் கொஞ்ச நேரம் ஆவும் சித்தப்பா," என்றான்.