பதிலுக்கு நிற்பவள்

"அந்தம்மாவோட வாழ்க்கைக் கதைய மட்டும் பேசுங்க ஆன்டி. கவிதை வேணாம். அஞ்சு வரி, தொண்டையைச் செருமுறதுக்குள்ள முடிஞ்சிரும் லா," என்றான் பிரிக்பீல்ட்ஸ் வாசகர் மன்றச் செயலாளர் செந்தூரன்.

உஷாராணி சுங்கை வேயில் ஒரு ஜப்பான்காரன் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றே வேலை பார்த்தவள். அங்கே பொறுக்கிய மொழியை வைத்துக்கொண்டு, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஜப்பானிய அரண்மனைப் பெண் கவிஞர் ஒருவரைத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தாள். மகாராணிக்குப் பணிவிடை செய்து, ஏச்சு வாங்கி, அதற்கிடையே எழுதியவர் அவர். நாளைக்கு அவரைப் பற்றிக் கூட்டம். கவிதையை விட்டுவிட்டுப் பேசினால் வெறும் ஊர்வம்புதான் மிஞ்சும்.

உஷாராணி மன்றத்து வாசலில் இருந்த காகிதப்பூச் செடியில் ஒரு கொப்பை ஒடித்தாள். தான் தமிழாக்கிய கவிதை எழுதிய தாளை அதில் கட்டி அவன் மேசைமேல் வைத்தாள்.

"அந்த அரண்மனையில கவிதை இப்படித்தான் வரும். வாங்குனவங்க அஞ்சே வரியில பதில் எழுதணும். கொண்டு வந்த ஆளு பதில் வாங்காம போக மாட்டான். எழுதுங்க, நான் நிக்கிறேன்."

"உட்காருங்க ஆன்டி."

"நின்னு பழகுன காலு தம்பி."

செந்தூரன் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தான். எழுதினான், அடித்தான். நாலாவது தாளையும் கசக்கியபோது அவன் தேநீர் ஆறிப் போயிருந்தது. உஷாராணி அசையவில்லை.

அவன் கொப்பைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஐந்து வரியை முதல் தடவையாக நிதானமாகப் படித்தான்.

"நாளைக்கு இத ரெண்டு தடவ வாசிங்க," என்றான். "ஒரு தடவ பத்தாது."