மருமகள் தொட்டி

மீன்பண்ணையில் மூன்று தொட்டிகளின் மீன்குஞ்சுகளையும் வலையில் அள்ளி எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீவனக்காரி குழாயைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள், பேயறைந்த முகத்தோடு. அவளுக்கு இருக்கிற வாய்க்கு, அது மூடிக்கிடப்பதே அதிசயம்தான். குறைந்த தீவனமே போதும் என்று தெரிந்தால் தீவனம் அரைக்கும் அரவைக் கொட்டகையில் ஓர் ஆளைக் குறைப்பார்கள் என்று அன்று காலையில்தான் அவள் காதில் விழுந்திருந்தது. அங்கே கடைசியாகச் சேர்ந்தவன் அவள் புருஷன். வேலையில்லாமல் சுவரை வெறித்துக் கிடந்தவனுக்கு, மேஸ்திரி காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கித் தந்த வேலை.

முதல் தொட்டிக்கு வயிறு நிறைய, நடுத்தொட்டிக்குப் பாதி, கடைசித் தொட்டிக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவு. இப்படித்தான் அளந்து போடச் சொல்லியிருந்தார் நிபுணர். எவ்வளவு தின்றால் எவ்வளவு வளரும் என்று பார்க்கிறாராம். வேலை செய்யும் பெண்கள் சும்மா இருப்பார்களா? மாப்பிள்ளைத் தொட்டி, மாமியார் தொட்டி, மருமகள் தொட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மருமகள் தொட்டிக் குஞ்சுகளுக்குத் தலை மட்டும் பெருத்து உடம்பு வற்றியது. தீவனக்காரிக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளை மிச்சம் வைப்பதுதானே என்று, அவர் கிண்ணத்திலிருந்து தினமும் பாதியை அள்ளி மருமகளுக்குப் போட்டுவந்தாள்.

நிபுணர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தராசைப் பார்த்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரே எடை.

"அப்போ இத்தனை நாளா காசைத் தண்ணியில கரைச்சிருக்கோம்," என்றார் முதலாளி. "இனிமே எல்லாத்துக்கும் கடைசித் தொட்டி அளவே போடுங்க. அரவைக்கு எதுக்கு ரெண்டு ஆளு? புதுசா வந்தவனை நிறுத்திடுங்க."

வலை பிடித்தவள் தீவனக்காரியின் இடுப்பில் இடித்தாள். "என்னடி, மாப்பிள்ளையும் மருமகளும் ஒரே எடையாமே! என்ன மந்திரம் போட்ட?"

அவள் குழாயைப் போட்டுவிட்டு மேஸ்திரியிடம் ஓடினாள். "அண்ணே, தப்பு நடந்துபோச்சு. மாப்பிள்ளையோடதை எடுத்து மருமகளுக்கு நான்தான் போட்டேன். சார்கிட்ட சொல்லிடுறேண்ணே."

மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. "வாய மூடு. தினமும் கூட நின்னு பாத்தேன்னு அவருகிட்ட நான் சொல்லிவச்சிருக்கேன். இப்ப உளறுனேன்னா உன் புருஷனோட நீயும் ஜோடியா நடையக் கட்ட வேண்டியதுதான்."

"அந்த அளவு போட்டா குஞ்சு செத்துப்போயிடும்ணே."

"செத்தா அப்ப பாத்துக்கலாம்."

நிபுணர் திரும்பினார். "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

மேஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல சார்."

அன்று மதியமே புருஷன் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலைத் தாண்டினான். "நான் என்ன தப்புப் பண்ணேன்னு நீயாவது கேட்டியா?" என்றான். அவளுக்கு இன்னும் தீவனம் போட வேண்டியிருந்தது.

சில நாட்கள் கழித்து முதல் தொட்டியில் போட்ட தீவனம், அடியைத் தொடும் முன்பே காணாமல் போனது. பெரிய குஞ்சு ஒன்று பக்கத்திலிருந்த சிறியதன் வாலைக் கவ்வியது. சிறியது உதறியது. பெரியது விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.