கோட்டை வாசல்காரர் வீட்டுக் கல்யாணம்

புருஷன் பேரைச் சொல்லக் கூடாதாம். இன்னிக்குச் சொல்றேன், அய்யாவு. கடல் தாண்டி வந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில் கேட்டுல வேலை. ரயில் வந்தா மூடணும், போனா திறக்கணும், அவ்வளவுதான். ஆனா அந்த மனுஷன் வாயைத் திறந்தா கோட்டை, கொத்தளம்!

இவரு ஊர்ல ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு கோட்டை இருந்துச்சாம். கிழக்கு வாசலுக்கு இவரு பரம்பரைதான் காவலாம். விளக்கு வச்சதும் சாத்திடுவாங்களாம். அப்புறம் யாரு வந்தாலும் 'காவலரே, திறக்க உத்தரவு'ன்னு மூணு தடவை கேட்டாத்தான் உள்ள விடுவாங்களாம். ஒருநாள் சண்டையில வெட்டுப்பட்ட இளவரசன் வந்து கதவைத் தட்டியிருக்கான். மூச்சு வாங்குறவன் எங்கேருந்து மூணு தடவை கேக்குறது? ரெண்டாவது தடவையிலயே எதிராளி வந்து தலையைச் சீவிட்டான். ராஜா கோபப்படலையாம், காவல்னா இதுதான்னு வெத்தலைத் தட்டு குடுத்தாராம். பெத்த பிள்ளை செத்ததுக்கு வெத்தலையா? தூ! இதை மார்தட்டி வேற சொல்லுவாரு. அந்த வாசலைப் பேர்த்து ரோட்டுக்குக் கல்லாப் போட்டாச்சுன்னு போன வருஷம் கப்பல்ல வந்த ஊர்க்காரர் சொன்னாரு. அதோட அவர்கிட்ட இவரு பேச்சை நிறுத்திட்டாரு.

எங்களுக்கு ஒரே மக, மாரியாயி. இந்தப் பவிசைக் கேட்டே அவளுக்கு வந்த ரெண்டு சம்பந்தம் ஓடிப் போச்சு. அப்புறம் கிள்ளான்லேருந்து வாசு வீட்டார் வந்தாங்க. பையனுக்குத் துறைமுகத்துல வேலை, தங்கமான குணம். அவனைப் பார்த்ததிலேருந்து எம்மக சமைக்கும்போதுகூட தனக்குள்ள சிரிச்சுக்கிட்டா. இதுவும் தவறினா அவ தாங்க மாட்டான்னு எனக்குத் தெரியும்.

பந்தல் வாசல்ல எல்லாரும் வாழைமரம் கட்டுவாங்க. இவரு பழைய ரயில் கட்டையை அடிச்சு, தாழ்ப்பாளோட கதவே மாட்டிட்டாரு. அலங்காரத்துக்குன்னு நான் நினைச்சேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மேளம் வந்தாச்சு, ஆரத்தித் தட்டோட நான் நிக்கிறேன், மனுஷன் கதவைச் சாத்தித் தாழ் போட்டாரு!

"எங்க வாசல் முறை இது சம்பந்தி. உத்தரவு கேளுங்க."

மாப்பிள்ளையோட அப்பா சிரிச்சுக்கிட்டே ஒரு தடவை கேட்டாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை. அப்புறம் அவர் முகம் மாறிப் போச்சு.

"பொண்ணு எடுக்க வந்தோம்யா, பிச்சை எடுக்க வரல."

உள்ள பூசாரி, முகூர்த்தம் போகுதுன்னு கத்துறாரு. வெளிய அவங்க ஆளுங்க ஸ்டேஷன் பக்கம் திரும்பிட்டாங்க. என் மானம் கப்பலேறிப் போச்சு.

கூரைப் புடவையோட மாரியாயி எழுந்து வந்தா. தாழ்ப்பாளை இழுத்தா.

"இன்னொரு தடவை கேக்கட்டும்டி!"

"அவங்க உள்ள வர வேணாம்ப்பா. நான் வெளிய போறேன்."

போய் வாசுவோட அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டா. தாலியும் அட்சதையும் இருந்த தட்டை எடுத்துக்கிட்டு நானும் பின்னாலயே நடந்தேன். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்ல எந்தம்பி கன்னையா தாரை வார்த்துக் குடுக்க, வாசு தாலி கட்டினான். அய்யாவு வரல. நாங்கதான் திரும்பி வந்து கெஞ்சுவோம்னு கதவுகிட்டயே நின்னிருக்காரு.

எல்லாம் முடிஞ்ச பிறகு ஓடி வந்தாரு. "ஒரே மகடி. நான்தானே தாரை வார்க்கணும்?"னு குரல் உடைஞ்சு கேட்டாரு.

"கதவைக் காக்க ஆள் வேணாமா? அதான் விட்டுட்டு வந்தோம்"னேன்.

மாரியாயி அவர் கால்ல விழுந்தா. மனுஷன் அட்சதைக்குக் கையை நீட்டினாரு. தட்டு என் கையிலதான் இருந்துச்சு. நான் குடுக்கல.