அரிஷ்டப் போத்தலும் பதினான்கு கல்லும்

அரிஷ்டப் போத்தலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோன ஆமிக்காரனின் முகம் மாறியதை யாகப்பர் கண்டார். அவன் இன்னொரு முறை மணந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினான். அவனும் மணந்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, "பெஹெத்" என்றான். யாகப்பருக்குச் சிங்களம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் மன்னாரில் வாகனம் ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். மருந்து. ஆமியின் சாவடிக்கு அப்பால், இயக்கத்தின் பக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாத சாமான்களில் பற்றரிக்கும் பெற்றோலுக்கும் சவுக்காரத்துக்கும் முன்னே முதலாவதாக நிற்பது அதுதான். காயத்துக்குப் போடுகிற மருந்தோடு பிடிபட்டவனிடம் யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்பதே ஒரு சடங்குக்குத்தான். பதில் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். போன மாசம் நாலு சுருள் பண்டேஜோடு பிடிபட்ட லொறிக்காரனின் பெண்சாதி இன்னும் ஆமிக் காம்ப் காம்பாக அலைந்துகொண்டிருந்தாள்.

போத்தலுக்குள் இருந்தது மருந்தில்லை, விஸ்கி. கேட்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். துவக்கு முனையில் நின்ற மனுசனுக்கு வரவில்லை.

வந்த வினையைச் சொல்லவேண்டும். கிணறு கட்டிக் கொடுக்கிற வெள்ளைக்கார நிறுவனம் ஒன்றில் யாகப்பர் ஆறு வருசமாக டிரைவர். அங்கே இரண்டு வருசம் எஞ்சினியராக இருந்தவர் பிறேசர் ஐயா. செந்தாடி, வெயிலில் வெந்த மூக்கு, நல்ல மனுசன். ஸ்கொட்லாந்தில் ஒரு தீவு அவருடைய ஊர். அங்கே மரமே இல்லையாம். கண்ணுக்கெட்டிய மட்டும் ஈரப் புல்வெளியும் சேறும். அந்தச் சேற்றில் பல்லாயிரம் வருசமாகப் புல் உக்கிக் கறுத்த மண்ணாகக் கிடக்கிறதாம். அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள், அந்தப் புகையில் வாற்கோதுமையை உலர்த்தி விஸ்கி வடிக்கிறார்கள். ஒருநாள் அவர் ஆசையாக ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்தார். யாகப்பர் கள்ளுக்கும் சாராயத்துக்கும் பிந்தாத ஆள்தான். ஆனால் இது வாயில் பட்டதும், ஆசுபத்திரி வாங்கில் படுத்துக்கொண்டு எரிகிற வைக்கோலை நக்கியமாதிரி இருந்தது. புகை, கடல்பாசி, எல்லாவற்றுக்கும் மேலாகப் புண்ணில் போடுகிற அயடின். "நல்லா இருக்கு ஐயா" என்றார். சம்பளம் தருகிற மனுசனிடம் வேறு என்னத்தைச் சொல்ல?

அந்தத் தீவின் புல்வெளியில் ஆளுயரக் கற்கள் வட்டமாக நிற்கின்றன, யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று இன்றைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது என்று பிறேசர் ஐயா அடிக்கடி சொல்லுவார். மறிச்சுக்கட்டிக்கு அங்கால் குடிசை போட்டிருந்த நல்லையாவிடமும் அதைச் சொன்னார். நல்லையா மலையகத்துக்காரன். கலவரத்தில் தோட்டத்து லயத்தை விட்டு ஓடிவந்து, காடு வெட்டிப் பயிர் செய்கிறவன். "இங்கயும் இருக்குங்க தொர, தேனெடுக்கப் போனப்ப பாத்தேன்" என்று அவன் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். பாலை மரங்களுக்கு நடுவே பதினான்கு கல், வட்டமாக. பிறேசர் ஐயா முழங்காலில் இருந்துவிட்டார். முழுப் பகலும் யாகப்பர் நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க, அவர் மறு நுனியைப் பிடித்துக் கல்லுக்குக் கல் அளந்து தாளில் படம் கீறினார். நல்லையாவுக்கு அந்தப் படத்தில் ஒரு பிரதியும் தன்னுடைய ஊர் விஸ்கியில் ஒரு போத்தலும் தருவதாக வாக்குக் கொடுத்தார். வேலை முடிந்து ஊருக்குப் போன கிழமை இரண்டையும் யாகப்பரின் கையில் வைத்து, கட்டாயம் சேர்த்துவிடு என்றார்.

இங்கேதான் யாகப்பர் புத்தியைக் காட்டினார். ஆமியின் சாவடியைத் தாண்டி நாலு மைலில், ஆமியோடு சண்டைபிடிக்கிற இயக்கத்தின் சாவடி. அங்கே குடிவகை கண்டால் போத்தலை உடைத்து, கொண்டுபோனவனைப் பங்கர்க் குழி வெட்ட விட்டுவிடுவார்கள். ஆகவே அவர் விஸ்கியை ஒரு பழைய அரிஷ்டப் போத்தலில் ஊற்றினார். கேட்டால் முழங்கால் வாதத்துக்கு என்று சொல்லலாம்.

"ஆமிக்காரன் மணந்து பாத்தா?" என்று பெண்சாதி செபஸ்தியம்மா குசினிக்குள் நின்று கேட்டாள்.

"ஆமிக்காரனுக்குச் சாராயம் தெரியாதோ? சிரிச்சுப்போட்டு விடுவான். உனக்கு ஒண்டும் விளங்காது, சும்மா இரு."

இருபத்தெட்டு வருசமாகச் சும்மா இருக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற வாய். அதைக் கிழிக்க வேணும் என்று இப்போது சாவடியில் நின்ற யாகப்பருக்குத் தோன்றியது. அந்தப் பக்கத்துக்குப் பயந்து இந்தப் பக்கத்தில் கழுத்தைக் கொடுத்தாயிற்று.

"ஆருக்குக் கொண்டுபோறது?" போத்தலைத் திறந்த கோப்ரலுக்குத் தமிழ் வந்தது.

நல்லையாவின் பெயர் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினார். "எனக்குத்தான் சேர். மருந்தில்லை சேர், சாராயம். வெள்ளைக்காரச் சாராயம்."

"சாராயம் எனக்குத் தெரியாதா? இது அயடின்." கோப்ரல் ஒரு தகரக் குவளையில் பாதிக்கு ஊற்றினான். "குடி."

யாகப்பர் குடித்தார். தண்ணி கலக்காத நெருப்பு தொண்டையால் இறங்கியது. கண்ணீர் வந்தது, இருமல் வந்தது, வாந்தியும் வரப் பார்த்தது. சாகிறானா என்று ஆமிக்காரர் வட்டமாக நின்று பார்த்தார்கள். அவர் சாகவில்லை என்றதும் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாகனத்தைக் கிண்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஜீப்பில் கப்டன் வந்து இறங்கினார். வயசு முப்பது இருக்கும், மழித்த முகம், சட்டைப்பையில் சின்ன கமரா. போத்தலை வாங்கி ஒருதரம் மணந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எங்க கிடைச்சது உனக்கு? கொழும்பிலயும் கிடைக்காதே!"

யாகப்பர் நெஞ்சில் சிலுவை போட்டார். மாதாவே, தாயே, மடுக் கோயிலுக்கு நடந்தே வாறன் என்று நேர்ந்துகொண்டார். கப்டன் சிரித்துக்கொண்டே போத்தலை மூடி ஜீப்பில் வைக்கக் கொடுத்தார். போகட்டும், போத்தலோடு போகட்டும். அப்போதுதான் கோப்ரல் நிறுவனத்துக் கந்தோர்க் கடிதக் கட்டுக்குள்ளிருந்து சுருட்டிய தாளை எடுத்துக் கப்டனிடம் நீட்டினான்.

கப்டன் அதை ஜீப்பின் மூடியில் விரித்தார். அவருடைய சிரிப்பு போய்விட்டது. யாகப்பரும் எட்டிப் பார்த்தார். அதே படம்தான், தானே நாடா பிடித்த படம். ஆனால் இப்போது ஆமிக்காரனின் கண்ணால் பார்த்தார். ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றிப் பதினான்கு குறி. குறிக்குக் குறி மீற்றர்க் கணக்கு. வடக்கைக் காட்டும் அம்பு. தெருவிலிருந்து காட்டுக்குள் போகிற புள்ளிக்கோடு. கடவுளே, ஒரு இயக்கக் காம்பின் படம் இதைவிட எப்படி இருக்கும்?

"கல்லு சேர். பழங்காலத்துக் கல்லு."

"மனுசன் கல்லுக்கு அளவு எடுக்கிறதா?"

"அந்த வெள்ளைக்கு அது பைத்தியம் சேர். அவற்ற ஊரிலயும் இருக்காம்."

கப்டன் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் யாகப்பருக்கு இவ்வளவு பயம் வந்திராது. "சரி. கல்லு இருந்தா நீ வீட்ட போ. இல்லாட்டி..." என்று நிறுத்தி, தாளைச் சுருட்டினார். "நட, பாப்பம்."

எட்டுப் பேர் துவக்கோடு ட்ரக்கில் வர, யாகப்பரின் வாகனம் முன்னே போனது. சனம் விட்டுப்போன முஸ்லிம் ஊர்களின் கூரையில்லாத வீடுகள், கதவில்லாத பள்ளிவாசல், எருக்கு மண்டிய முற்றங்கள். அங்கே ஹுசைன் காக்காவின் கடையில் எத்தனை பிளேன்ரீ குடித்திருப்பார்! இப்போது ஒவ்வொரு பற்றையையும் பார்க்கப் பயமாக இருந்தது. எந்தப் பற்றைக்குள்ளும் இயக்கத்துக் கண் இருக்கலாம். ஆமிக்கு வழிகாட்டிக்கொண்டு போகிறவனை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்ட ஒருவனில் அவர் தன் கண்ணாலேயே கண்டிருக்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். மத்தளம் அடித்தால் சாகாது.

இயக்கத்தின் சாவடிக்கு முன்னமே, புள்ளிக்கோடு தொடங்கும் இடத்தில் இறங்கினார்கள். மிதிவெடிக்காக யாகப்பரை முன்னே விட்டு, இருபது அடி தள்ளிப் பின்னால் வந்தார்கள். தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். சருகு நொறுங்குகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு கூசியது. பிறேசர் ஐயாவோடு வந்தபோது அரை மணித்தியால நடை. இன்றைக்கு ஒரு மணித்தியாலம் நடந்தும் கல்லைக் காணவில்லை. வழி மாறிவிட்டதோ? அந்தப் பாலை மரத்துக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா? கல்லைக் காட்டாவிட்டால் இந்தக் காட்டுக்குள்ளேயே முடித்துவிட்டுப் போவார்கள், செபஸ்தியம்மாவுக்கு எலும்புகூடக் கிடையாது. வாய்விட்டு அழ வேணும்போல இருந்தது.

பிறகு காரைப் பற்றைக்கு மேலாக ஒரு சாம்பல்நிறத் தலை தெரிந்தது. கல். அதற்கு அங்கால் இன்னொன்று.

"இருக்கு! சேர், இருக்கு! கல்லு நிக்குது சேர்!"

அழுதுகொண்டே பற்றையை விலக்கிக்கொண்டு வட்டத்துக்குள் ஓடினார். மிதிவெடியும் மறந்துபோயிற்று. நடுவட்டத்தில் செருப்புக் காலுக்குச் சுட்டது. குனிந்து பார்த்தார்.

அடுப்பு. மூன்று சின்னக் கல், நடுவில் சாம்பல், பக்கத்தில் கவிழ்த்துவைத்த கரிபிடித்த தகரப் பால்ரின். ரின்னின் விளிம்பில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை காயவில்லை. மண்ணில் பூட்ஸ் தடம் இல்லை, செருப்புத் தடம், அதுவும் ஒன்றிரண்டு பேருடையதல்ல. தேனெடுக்க வந்தவர்களா, இயக்கத்துப் பெடியளா? யாராக இருந்தால் என்ன? கப்டன் இதைக் கண்டால் தாளில் இருப்பது காம்ப்தான். வழிகாட்டிய யாகப்பர் காம்பின் படத்தைக் கொண்டுபோனவர்தான். அதற்குமேல் கதைக்க ஒன்றுமில்லை.

பின்னால் சருகு நொறுங்கியது. அவர் ரின்னைத் தட்டிப் பற்றைக்குள் விட்டார். பாதத்தால் அடுப்புக்கற்களைப் புரட்டினார். தடங்களைத் தேய்க்க நேரமில்லை. சாம்பலின் மேல் அப்படியே குந்தி, காலை நீட்டி இருந்துவிட்டார். சாம்பலுக்கடியில் தணல் இருந்தது. சூடு காற்சட்டையைத் தாண்டித் தொடையில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார்.

கப்டன் வட்டத்துக்குள் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார், அடுத்த கல்லுக்குப் போனார், சின்னப் பிள்ளைபோல விரல்நீட்டி எண்ணத் தொடங்கினார். "தஹதுனாய்... தஹஹதராய். பதினாலு! நீ பொய் சொல்லேல்ல." முகமெல்லாம் சிரிப்பு. கமராவை எடுத்துக் கோப்ரலிடம் கொடுத்துவிட்டு யாகப்பரை நோக்கி வந்தார்.

"களைச்சுப் போனதா? பாவம். பயந்திட்டாய், என்ன?"

"ஓம் சேர். கொஞ்சம் இருந்திட்டு வாறன் சேர்."

"ஒரு படம் எடுப்பம். நீயும் நானும், கல்லோட. எழும்பு."

கப்டன் குனிந்து, தூக்கிவிடுவதற்குக் கையை நீட்டினார். விரல் நகங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. யாகப்பர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.