இருபத்தேழாம் நம்பர் கடையின் அளவு ஜாக்கெட்டுகள்

நவநிதி ஷாப்பிங் சென்டர் கட்டும்போது நான் அங்கே கலவை சுமந்தேன். எண்பத்தாறாம் வருஷம். ஆவடிக்கே லிப்ட் வரப்போகிறது, மாடிக்கு நடக்கவே வேண்டாம் என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது எழுத்து தெரியாது, மேஸ்திரி படித்துச் சொன்னார். லிப்டுக்காக ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினோம். லிப்ட் வரவில்லை. பத்து வருஷமாக அந்தக் குழியில் மழைத்தண்ணீர்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றாறு டிசம்பரில் அதே கட்டடத்துக்கு மறுபடியும் கூலிக்குப் போனேன். இந்தத் தடவை கடைகளைக் காலி செய்ய. மொத்தத்தையும் குடோனுக்கு விடப்போகிறாராம் ஓனர். கூட வந்தவன் என் மச்சான் கோதண்டம். மூன்று சக்கர மீன்பாடி வண்டி அவனுடையது.

ரோட்டைப் பார்த்த ஜெராக்ஸ் கடையும் எஸ்டிடி பூத்தும் தவிர உள்ளே மனிதவாடை இல்லை. நாற்பத்துமூன்று வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான். எந்த போர்டைப் பார்த்தாலும் கண் தானாகப் படிக்கும். 'குழந்தைகள் உலகம்' என்று ஒரு கடை. உள்ளே முழங்கால் வரை புறா எச்சம். இரண்டாவது மாடியில் 'மகளிர் கழிப்பறை' என்று நீல எழுத்து. கீழே துருப்பிடித்த பூட்டு. சாவி மேனேஜர் பாஸ்கல் இடுப்பில். பத்து வருஷமும் அங்கேதான் இருந்ததாம். கடையில் வேலை பார்த்த பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்தச் சுவருக்கு நான்தானே கலவை தூக்கினேன்.

அந்த மாடியில் மிச்சமிருந்தது இருபத்தேழாம் நம்பர் ஒன்றுதான். ஜமீலா டெய்லர். அவளும் போகட்டும் என்று மாடிக்குக் கரண்டை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் தைத்தாள். நாங்கள் போன செவ்வாய்க்கிழமை ஷட்டர் பூட்டியிருந்தது. அதில் ஒரு சீட்டு: 'காய்ச்சல். வியாழன் வருவேன். ஜமீலா.'

படித்தேன். சத்தமாகவே படித்தேன்.

"வியாழக்கெழம வரேன்னு எழுதி கீதே சார்?"

"அது பழைய சீட்டுப்பா" என்றார் பாஸ்கல். "எந்த வியாழன்னு போட்டிருக்கா? அவ காலி பண்ணிட்டா. உடை."

உடைத்தோம். உள்ளே மெஷின் இருந்தது. புதுத்துணி அடுக்கிய டிரங்குப் பெட்டி இருந்தது. காலி செய்துவிட்டுப் போனவள் மெஷினை விட்டுவிட்டா போவாள்? அது என் மண்டைக்கு எட்டாமல் இல்லை. ஆனால் பேன்ட் போட்டவர் வாயால் சொல்கிறார். இது காகிதம்தானே என்று இருந்துவிட்டேன். மெஷினையும் பெட்டியையும் தன் ரூமில் இறக்கச் சொன்னார் பாஸ்கல். சுவர் நிறைய ஆணிகளில் பழைய ஜாக்கெட்டுகள் தொங்கின. அக்குள் வெளுத்தவை, ஒட்டுப் போட்டவை. "அது உங்களுக்கு" என்றார். காலி செய்யும் கடையில் கழிவது கூலிக்காரனுக்கு. அது எங்கள் வழக்கம். கோதண்டம் சாக்கில் அடைத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எண்ணெய் துடைக்க விற்றுவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை காலை ஜமீலா வந்தாள். காய்ச்சலில் கன்னம் ஒட்டியிருந்தது. திறந்து கிடந்த கடையைப் பார்த்தாள்.

"ஆணி கீது. ஜாக்கெட்டுங்க எங்க?"

"மெஷினும் பொட்டியும் கீழ ஆபீஸ்ல பத்திரமா கீதும்மா."

"அத்த நான் கேக்கல. நாப்பத்திமூணு அளவு ஜாக்கெட்டு. எங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண்கள் கிறிஸ்துமஸுக்குத் துணி கொடுக்கும்போது, உடம்புக்குச் சரியாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்றையும் அளவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் வெட்டுவாள்.

"பழந்துணின்னு நெனச்சிட்டோம்மா."

"பழசுதான்! அந்தப் பழசுக்கோசரம்தான் ரெண்டு மாடி ஏறி என்னாண்ட வர்றாளுங்க. இன்னும் பதிமூணு நாள்ல கிறிஸ்துமஸ். அளவு ஜாக்கெட்டத் தொலைச்சவகிட்ட எவ திரும்பத் துணி குடுப்பா? இத்தோட என் பொழப்பு போச்சு. ஏன், கதவுல சீட்டு ஒட்டினேனே, படிக்கத் தெரியாதா உனக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்துமூன்று வருஷம் அதைச் சொல்லித்தான் தப்பித்தேன்.

"தெரியும்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

அவள் காலி ஆணிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறைந்திருந்தால் தேவலை.

கோதண்டத்தை வண்டியோடு இழுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு ஓடினேன். பட்டறையில் ஒருவன் பச்சைக் கையால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிழித்தெடுத்த ஜாக்கெட்டின் கை.

"இன்னா நைனா, எண்ணெத் துணிய வித்துட்டுத் திரும்பக் கேக்குற? இது எந்த மகாராணி போட்டது?" என்று சிரித்தான்.

"சிரிக்காத. குடுத்துரு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு சாக்கை உதைத்துத் தள்ளினான்.

முப்பத்திரண்டு முழுசாகக் கிடைத்தன. பதினொன்று துண்டு துண்டாகி, கிரீஸில் ஊறிப் போயிருந்தன.

ஜமீலா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பெயர்ச்சீட்டு ஒன்றிலும் கிடையாது. பார்த்ததும் சொன்னாள். "இது நாகம்மாள். இது வனஜா, தோள் இறக்கம்." கடைசியில், இல்லாத பதினொரு பேரை விரல் விட்டுச் சொன்னாள். "ஹில்டா, ஞானகுமாரி, ஜெயசீலி..."

பாஸ்கல் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், கெளம்புங்க. பதினோரு ஊடு. காலி பண்ணிட்டான்னு பொய் சொன்னது நான்தான்னு உங்க வாயாலயே சொல்லணும்."

"டேய் அப்பாவு, யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா? துணியை எடுத்துட்டுப் போய் வித்தது நீ. எடுன்னு நான் ஏதாவது எழுதிக் குடுத்தேனா?"

மேஜைமேல் கை ஊன்றிக் குனிந்தேன்.

"நீ எழுதல. எழுதினது அந்தப் பொம்பள. அத்த வுட்டுட்டு உன் வாய நம்பினேன் பாரு, எனக்கு வேணும்."

"வெளியே போடா. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"வரல. ஆனா ஞாயித்துக்கெழம உங்க மாதா கோயிலுக்கு வருவேன். அந்தப் பதினோரு பேர்ல ஏழு பேர் உங்க கோயில்னு ஜமீலா சொல்லிச்சி. ஜெயசீலி ஊட்டுக்காரர் உன் பக்கத்துலதான் நின்னு பாடுவாராமே? பூச முடிஞ்சி வெளிய வரும்போது, கிரீஸ் துணிய வாசப்படியில பரப்பி வெச்சி, எது எது யாருதுன்னு சொல்லப்போறேன். பொங்கல் வரிக்கும் கேட்டாலும் சொல்லுவேன்."

"பயமுறுத்துறியா?"

"ஆமா."

கோதண்டம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமே, ஊட்டுக்குப் போலாம் வா." நான் அசையவில்லை. பாஸ்கல் டீ டம்ளரைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் கடை இருக்கட்டும்" என்றார், என்னைப் பார்க்காமல். "கரண்ட் போடச் சொல்றேன். வீடு வீடால்லாம் என்னால வர முடியாது."

"கக்கூஸ் சாவி?"

முறைத்தார். பிறகு இடுப்பிலிருந்து கழற்றி மேஜைமேல் போட்டார்.

மெஷினையும் பெட்டியையும் நானும் கோதண்டமும் மேலே ஏற்றினோம். வீடுகளுக்கு நானே ஜமீலாவோடு போனேன். ஹில்டா வாசலில் நிற்கவைத்துத் திட்டினாள். "கல்யாணத்துக்கு எங்கம்மா தச்சுக் குடுத்த ஜாக்கெட்டுய்யா அது! நீ மனுசனா?" எட்டு வீட்டில் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான். கேட்டுக்கொண்டேன். ஞானகுமாரி ஒருத்திதான், "எனக்கும் ஒடம்பு பெருத்துப் போச்சு. புதுசா அளவு எடுத்துக்கலாம் வுடு" என்றாள். அளவு கொடுக்க அவர்களே கடைக்கு வரவேண்டும் என்று ஜமீலா சொன்னாள். கெஞ்சவில்லை.

சனிக்கிழமை ஒன்பது பேர் படியேறி வந்தார்கள். செத்துக் கிடந்த மாடியில் பெண்கள் பேச்சு எதிரொலித்தது. நான் வராந்தாவில் புறா எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், கூலி இல்லாமல். ஜமீலா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள்.

இரண்டு பேர் வரவில்லை. அந்த இரண்டு பேரின் புதுத்துணியையும் மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என் கையில் கொடுத்தாள். என்னைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். ஆத்திரம் அடங்கவில்லை. அதில் பாதிதான் பாஸ்கல்மேல்.